தண்டையும் கேழ்வரகும்

சிறு வயதில் நான் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் வீட்டில் பதில் கிடைத்ததில்லை. "போய் விளையாடு" என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பொதுவான பதில். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் என் ஆயா யோசிக்காமல் பதில் சொன்னாள். அந்தப் பதிலை விளங்கிக்கொள்ள எனக்குத்தான் வெகு காலம் பிடித்தது.

தர்மபுரிப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவது வழக்கம். ஆயாவிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதை அவள் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில்தான் திறப்பாள். பழைய பத்திரங்கள், ஒரு கூறைப் புடவை, வாசனை போய்விட்ட தாழம்பூ மடல் ஆகியவற்றுக்கெல்லாம் அடியில், கந்தலில் சுற்றியபடி ஒரு வெள்ளித் தண்டை கிடக்கும். நல்ல கனம். ஆட்டினால் உள்ளே பரல் குலுங்கும். காலில் போடுகிற நகை என்றால் ஜோடியாக இருக்க வேண்டுமல்லவா? அது ஒற்றையாக இருந்தது.

"இன்னொண்ணு எங்கே ஆயா?" என்று கேட்டேன்.

"அதைத் தின்னுட்டோம், கண்ணு" என்றாள்.

நான் சிரித்தேன். ஆயா சிரிக்கவில்லை. தண்டையைப் பழையபடி கந்தலில் சுற்றி வைத்துவிட்டு, "எங்க மாமியா காலுது. தாது வருஷத்துலே போச்சு" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டில் வெள்ளியைத் தின்றிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லி, பொய்யன் என்று பெயர் வாங்கினேன்.

இந்தப் பழங்கதை எனக்குத் திடீரென்று நினைவுக்கு வந்ததற்கு ஒரு மோதிரம் காரணம். என் தங்கையின் பேத்தி அயர்லாந்து தேசத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் விரலில் புதுமாதிரியான ஒரு மோதிரத்தைப் பார்த்தேன். இரண்டு கைகள் சேர்ந்து ஓர் இதயத்தை ஏந்தியிருக்கின்றன. இதயத்தின் மேல் ஒரு கிரீடம்.

"இது என்னம்மா?" என்றேன்.

"இதுக்குக் கிளாடா மோதிரம்னு பேர், தாத்தா. நான் இருக்கிற கால்வே ஊரிலே எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான்" என்றாள். கைகள் நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். வலக்கையில் இதயத்தின் முனை விரல் நுனியைப் பார்க்கும்படி போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் மனம் இன்னும் யாருக்கும் வசப்படவில்லை என்று பொருள். திருப்பிப் போட்டிருந்தால் வசப்பட்டுவிட்டது என்று பொருள். இடக்கைக்குப் போய்விட்டால் கல்யாணமே ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் மெட்டி செய்கிற வேலையை அங்கே மோதிரம் செய்கிறது.

பிறகு பேச்சு விலைவாசிக்குப் போயிற்று. எந்தத் தேசத்திலிருந்து வந்தவர்களோடு பேசினாலும் இப்போது அது அங்கேதான் போகிறது. வீட்டு வாடகை, ரொட்டி, பால், அடுப்புக்கு வேண்டிய காஸ் எல்லாம் அங்கே ஏறிக் கிடப்பதைக் கதைபோல் சொன்னாள். கடைசியில், "இந்த மோதிரம் புதுசுதான், தாத்தா. நிஜமான பழைய மோதிரம் கிடைக்கிறது ரொம்ப அபூர்வமாம். அந்தக் காலத்துப் பஞ்சத்திலே எல்லாம் அடகுக்கடைக்குப் போய் உருகிப்போச்சுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க" என்றாள்.

எனக்கு ஆயாவின் குரல் கேட்டது. அவர்களும் தின்றிருக்கிறார்கள்!

கிளாடா என்பது கால்வே நகரத்தை ஒட்டி, கடலோரத்தில் இருந்த செம்படவர் குப்பம். கூரை வீடுகளும், தங்களுக்கென்று ஒரு தலைவனும், தனி வழக்கங்களும் கொண்டு வாழ்ந்தவர்கள் அந்த ஜனங்கள். அந்தக் குப்பத்தை 1930-களில் இடித்துப் புது வீடுகள் கட்டிவிட்டார்கள். மோதிரத்தின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. கால்வேயைச் சேர்ந்த ரிச்சர்டு ஜாய்ஸ் என்ற வாலிபனைக் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டுபோய், அல்ஜீரியாவில் ஒரு பொற்கொல்லனிடம் அடிமையாக விற்றுவிட்டார்களாம். அங்கே தொழில் கற்றுக்கொண்ட அவன், 1689-ல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் வில்லியத்தின் முயற்சியால் விடுதலை பெற்று ஊர் திரும்பி, இந்த மோதிரத்தைச் செய்தானாம். கதையில் எவ்வளவு உண்மையோ! ஆனால் ரிச்சர்டு ஜாய்ஸின் முத்திரையோடு, 1700-ஆம் வருஷத்தை ஒட்டிச் செய்த மோதிரம் இருப்பது உண்மை.

நம் கதைக்கு வேண்டியது வேறு விஷயம். அந்தச் செம்படவப் பெண்களுக்கு நிலம் கிடையாது. பாங்கியில் பணம் கிடையாது. தாய் மகளுக்குக் கொடுப்பதற்கு இருந்த ஒரே சொத்து அந்த மோதிரம். நல்ல காலத்தில் அது கல்யாண மோதிரம். கெட்ட காலத்தில் அதுவே குதிர்.

கெட்ட காலம் 1845-ல் வந்தது. அயர்லாந்து ஏழைகளின் உணவு உருளைக்கிழங்கு ஒன்றுதான். அந்தச் செடியில் ஒரு நோய் விழுந்தது. தோண்டினால் கிழங்குக்குப் பதிலாக அழுகல் வந்தது. ஒரு வருஷம் போய் மறு வருஷமும் அதே கதை. தேசத்தில் தானியமே இல்லை என்று சொல்ல முடியாது. ஓட்ஸும் வெண்ணெயும் கால்நடைகளும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஏழையின் கையில் அவற்றை வாங்கக் காசு இல்லை. 1841-ஆம் வருஷக் கணக்கில் அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 81 லட்சம். 1851-ல் 65 லட்சம். பசியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அதற்கும் குறையாத கூட்டம் அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பலேறியது. கப்பல் கூலி எங்கிருந்து வந்திருக்கும்? விரலில் இருந்து வந்ததும் உண்டு.

நிவாரண வேலைகளை லண்டன் கஜானாவிலிருந்து நடத்தியவர் சார்லஸ் டிரெவெலியன் என்ற அதிகாரி. மகா யோக்கியர், உழைப்பாளி, லஞ்சம் அறியாதவர். ஆனால் வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. தானியத்தின் விலை ஏறினால் வியாபாரி தானாகவே தானியத்தைக் கொண்டுவருவான் என்பது அந்த வேதத்தின் முதல் சுலோகம். விலை ஏறும்போது வாங்குகிறவனிடம் காசு இருக்குமா என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. பஞ்சத்தில் அவர் ஆற்றிய பணிக்காக 1848-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

அந்த டிரெவெலியன் துரை பிறகு எங்கே வந்தார் தெரியுமா? 1859-ல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தார்! சென்னையில் பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவர் அவர்தான். புது வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக அடுத்த வருஷமே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆள் போய்விட்டார்; அவர் நம்பிய வேதம் போகவில்லை. அது காத்திருந்தது.

* * *

1876-ல், தாது வருஷத்தில், மழை பொய்த்தது. அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அதியமான் ஆண்ட தகடூர் இதுதான். நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த வள்ளலின் ஊர் என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்த ஊரில் பிற்காலத்தில் ஜனங்கள் எதை உண்டார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை.

காவிரி இந்த ஜில்லாவின் ஓரத்தில் ஒகேனக்கல்லில் விழுந்து ஓடினாலும் அந்தத் தண்ணீர் மேட்டு நிலத்துக்கு ஏறாது. கேழ்வரகு, சாமை, கொள்ளு எல்லாமே வானத்தைப் பார்த்து விதைக்கிற பயிர்கள். ஆனால் நில வரியை வானம் கட்டுவதில்லை. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்ததும், காப்டன் ரீடும் அவருடைய உதவியாளராகத் தாமஸ் மன்ரோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். மன்ரோ தங்கியிருந்த இடம் இந்தத் தர்மபுரியே. பிற்காலத்தில் ராஜதானி முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை முளைவிட்டது இந்தச் சீமையில்தான். வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஆகவே குடியானவன் அறுத்த கையோடு, எல்லாரும் விற்கிற சமயத்தில் தானும் மலிவாக விற்பான். வரி போக மிஞ்சிய ரூபாய் இருந்தால் அதை என்ன செய்வான்? கூரை வீட்டில் ரூபாயை வைத்தால் திருடன் பயம். செலவாகிவிடும் என்ற பயம் வேறு. எனவே மனைவியின் காலில் வைத்தான்.

இது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் 180 கிரெயின் எடை. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. பத்தரிடம் இருபது ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் அதை மூசையில் போட்டு உருக்கி, இருபது ரூபாய் எடைக்குத் தண்டை செய்து கொடுப்பார். கூலி தனி. நாணயம் நகை ஆகும். அவசரம் வந்தால் நகை திரும்ப நாணயமும் ஆகலாம். ஏனென்றால் யார் வெள்ளியைக் கொண்டுபோனாலும், சிறு கூலி பிடித்துக்கொண்டு, அதை ரூபாயாக அடித்துக் கொடுக்கச் சர்க்கார் நாணயசாலை கடமைப்பட்டிருந்தது. குடியானவப் பெண்ணின் கால்தான் அவளுடைய சேமிப்பு பாங்கி. அதில் பாஸ்புத்தகம் இல்லை. ஆனால் நடக்கும்போதெல்லாம் கணக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும்.

நகை பண்ணிப் போட்டுக்கொள்வது நம் ஜனங்களின் அசட்டு ஆடம்பரம் என்று வெள்ளைக்காரத் துரைகளும், பிறகு நம்மவர்களில் சில சீர்திருத்தக்காரர்களும் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். தாது வருஷத்து ஏழைக்கு வேறு எந்தப் பாங்கி கதவைத் திறந்து வைத்திருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

பஞ்சத்தில் தானியத்தின் விலை எப்படி ஏறிற்று என்பதைச் சொல்லுமுன், அந்தக் காலத்தில் விலை சொன்ன விதத்தைச் சொல்ல வேண்டும். இன்று நாம் கிலோ இத்தனை ரூபாய் என்கிறோம். அன்று, ரூபாய்க்கு இத்தனை படி என்றார்கள். இன்று விலை ஏறினால் எண் ஏறுகிறது. அன்று விலை ஏறினால் எண் இறங்கியது. இந்த இரண்டாவது முறையில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ரூபாய் அப்படியே இருக்கிறது. உலையில் விழுகிற தானியம் குறைகிறது. பசியின் கணக்கும் அதுவேதான். 1967 தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழ்நாடு முழுவதும் ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், கிழவிகளின் காதுக்கு அது பழக்கமான பாஷை.

தாது வருஷத்தில் படி குறைந்துகொண்டே வந்தது. ரயில் அதற்கு முன்பே சேலம் வழியாக வந்துவிட்டிருந்தது. ரயிலால் தானியம் வரும் என்று சர்க்கார் நம்பிற்று. வரத்தான் செய்தது. ஆனால் எங்கே விலை அதிகமோ அங்கே போவதும் அதே ரயிலில்தான். மலிவாக இருந்த ஊரிலும் விலை ஏறி, எல்லா ஊரும் ஒரே விலைக்கு வந்தன. அந்தச் சமத்துவத்தால் ஏழைக்கு லாபம் இல்லை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்து லிட்டன் பிரபு பெரிய தர்பார் நடத்தினார். அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சத்தைப் பார்வையிடச் சென்னைக்கு வந்தார். மூன்று வருஷங்களுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக வரவழைத்து உயிர்களைக் காப்பாற்றி, அதற்காக 'ஊதாரி' என்று திட்டு வாங்கியவர் அவர். இந்தத் தடவை திட்டு வாங்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு வந்தார். நாள் முழுதும் கல் உடைக்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். இதில் உயிர் நிற்காது என்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் விடாமல் வாதாடிய பிறகே சென்னை சர்க்கார் அளவைக் கூட்டிற்று. இவ்வளவும் நடக்கும்போது இந்தியக் கோதுமை சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. டிரெவெலியனின் வேதத்தைத்தான் பாராயணம் செய்தார்கள்.

வெறுங்கையாகிவிட்ட பிறகுதான் ஜனங்கள் கல் உடைக்கப் போனார்கள். அதற்கு முன்னால் நகை போயிற்று. ஒரு கணக்குக்காக, இருபது ரூபாய் எடையுள்ள தண்டை ஜோடி என்று வைத்துக்கொள்வோம். நல்ல காலத்தில் அதற்கு இருபது ரூபாய்க்கான கேழ்வரகு வர வேண்டும். பஞ்சத்தில் கேழ்வரகு மும்மடங்கு விலை ஏறினால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். இதோடு நின்றால் பரவாயில்லை. ஊரெல்லாம் தண்டையைத் தூக்கிக்கொண்டு அதே கடைவாசலில் நிற்கிறது. வாங்குகிறவன் ஒருவன், விற்கிறவர்கள் ஆயிரம் பேர். "செய்கூலி, சேதாரமெல்லாம் கணக்கில் வராது, பற்றாசு கலந்த வெள்ளி, மட்டம்" என்று சொல்லி அவன் பாதி விலைக்குக் கேட்கிறான். ஆக, ஆறில் ஒரு பங்கு கேழ்வரகுதான் மடியில் விழுகிறது. தானியத்தின் விலை ஏறும் நாளும் நகையின் விலை இறங்கும் நாளும் ஒன்றாகவே வரும். பஞ்சத்தின் சூழ்ச்சி அதில்தான் இருக்கிறது.

"நாணயசாலை முழு மதிப்பும் கொடுக்குமே?" என்று கேட்கலாம். சென்னை நாணயசாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த நாணயசாலைகள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்தன. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் இருந்த பெண் பம்பாய்க்கா போவாள்? தண்டைதான் போயிற்று. கை மாறி, ஊர் மாறி, மூட்டை மூட்டையாகப் பம்பாய் நாணயசாலைக்கு உருப்படி வெள்ளி போய்க் குவிந்ததாக அந்தக் காலத்து அறிக்கைகளே சொல்கின்றன. அங்கே அவை உருகி, மகாராணியின் தலை பொறித்த ரூபாயாகித் திரும்பின. முழு மதிப்பு யாருக்குக் கிடைத்ததென்று சொல்ல வேண்டியதில்லை.

1893-ல் இந்த வழியும் அடைபட்டது. ஜெர்மனி போன்ற தேசங்கள் தங்க நாணயத்துக்கு மாறி வெள்ளியை உலகச் சந்தையில் கொட்டியதாலும், அமெரிக்காவில் புதுச் சுரங்கங்கள் வெட்டியதாலும் வெள்ளியின் விலை வருஷத்துக்கு வருஷம் சரிந்தது. ரூபாயைக் காப்பாற்ற வேண்டி, இனி வெளியாரின் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுப்பதில்லை என்று சர்க்கார் தீர்மானித்தது. ரூபாய் பிழைத்துக்கொண்டது. ஒரு ரூபாய் எடை வெள்ளிக்கு ஒரு ரூபாய் என்ற பழைய சமன்பாடு செத்தது. காலில் கிடந்த பாங்கி, ஒரு சட்டத்தால் ஓசையில்லாமல் பாதி முறிந்தது. அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது இது தெரிந்திருக்குமா? அடுத்த பஞ்சத்தில் கடைக்குப் போனபோது தெரிந்திருக்கும்.

1871-ல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் 16 லட்சத்துக்குள் வந்துவிட்டது. இறந்தவர்களும், இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் பிழைக்கப் போனவர்களும் சேர்ந்த கணக்கு இது. அயர்லாந்திலும் ஐந்தில் ஒருவர். இங்கேயும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இரண்டு தேசமும் சொல்லிவைத்துக்கொண்டு செய்ததுபோல் இருக்கிறது.

* * *

வறுமையால் நகை கடைத்தெருவுக்குப் போவது நமக்குப் புதிய விஷயமல்ல. கண்ணகியின் சிலம்பு மதுரைக்குப் போனதே அதனால்தான். புறநானூற்றில் ஒரு வீரன், நேற்று வந்த விருந்தாளிக்குச் சோறு போட வாளை அடகு வைத்துவிட்டான்; இன்று யாழ் அடகுக்குப் போகிறது. அடகு வைப்பது அவமானம் என்று அந்தப் புலவருக்குத் தோன்றவில்லை. விருந்தினன் பசியோடு போனால்தான் அவமானம்.

ஆனால் சிலம்புக்குக் கதை கிடைத்தது, தண்டைக்குக் கிடைக்கவில்லை. நம் கண்காட்சிச் சாலைகளில் போய்ப் பாருங்கள். அரசர்களின் ஆபரணங்கள் இருக்கின்றன. கோவில் நகைகள் இருக்கின்றன. 1850-ல் ஒரு தர்மபுரிக் குடியானவப் பெண் என்ன போட்டுக்கொண்டிருந்தாள் என்று காட்ட ஒரு தண்டையைத் தேடுங்கள், பார்க்கலாம். ஏழையின் நகைக்கு ஆயுள் இரண்டு பஞ்சங்களுக்கு இடைப்பட்ட காலம்தான். அப்புறம் அது மூசைக்குள் போய்விடும். கல்வெட்டு தேய்ந்தாலும் நாலு எழுத்து மிஞ்சும். ஓலை செல்லரித்தாலும் ஓரம் மிஞ்சும். உருகிய வெள்ளியில் ஒன்றும் மிஞ்சாது. சரித்திரத்தில் ஏழைகள் வெறுங்காலோடு நடப்பதாக நாம் எண்ணிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அயர்லாந்தில் இதற்கு ஒரு வேடிக்கையான விதிவிலக்கு நடந்தது. 1850-ல், பஞ்சத்தின் சூடு தணியாத சமயத்தில், பெட்டிஸ்டவுன் என்ற ஊரின் அருகே கடற்கரையில் ஓர் ஏழைப் பெண்ணின் மூலம் ஒரு பழைய உடைப்பின் வெளிவந்தது. எட்டாம் நூற்றாண்டு வேலை. வெள்ளியில் தங்க முலாம். நகக்கண் அளவு இடத்தில் இழை இழையாகப் பின்னிய சித்திரம். அது கை மாறி டப்ளின் நகரத்து நகை வியாபாரியான வாட்டர்ஹவுஸிடம் வந்தது. அவர் அதற்குப் பழைய அரசர்களின் தலைநகரான 'தாரா'வின் பெயரைச் சூட்டினார். தாராவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது; பெயர் நன்றாக விற்கும், அவ்வளவுதான். அதைப் போல நகல் செய்து விற்றார். மகாராணியே பார்த்து மெச்சினாள். இன்று அது டப்ளின் தேசியக் கண்காட்சிச் சாலையில் இருக்கிறது. ராஜாவின் நகையாக இருந்ததால் அது தப்பியது. அதே வருஷங்களில் மூசைக்குள் போன செம்படவப் பெண்களின் மோதிரங்களுக்கு அந்தச் சாலையில் யார் அலமாரி வைப்பார்கள்?

பஞ்சம் தீர்ந்த பிறகு சர்க்காருக்கும் ஞானம் வந்தது என்று சொல்ல வேண்டும். பஞ்ச விதிகள் எழுதினார்கள். இனி தானியம் உள்ளூர்வரை போக வேண்டும் என்று, மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் போட்டார்கள். 1906-ல் அது ஓடத் தொடங்கிற்று. 1913-ல் ஓசூர்வரை நீண்டது. ஆயா சிறு பெண்ணாக அதில் ஏறிப் போயிருக்கிறாளாம். 1941-ல் அதை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். பஞ்சத்தைத் தடுக்கப் போட்ட பாதையையும் ஒருநாள் உருக்கத்தான் வேண்டியிருந்தது போலும்.

ஒற்றைத் தண்டை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள்.

1965 அக்டோபரில் தர்மபுரி தனி ஜில்லா ஆயிற்று. ஊரெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனால் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மழை இல்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். கடையில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு விலை. என் பள்ளிக்கூடச் சம்பளமும், விதைக் கேழ்வரகும், அம்மாவின் மருந்தும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அப்பா ஆயாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆயாதான் பெட்டியைத் திறந்து கந்தல் முடிச்சை எடுத்துக் கொடுத்தாள்.

நானும் அப்பாவோடு போனேன். அடகுக்கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பழைய ரூபாய் வெள்ளி. இப்போ இந்த மாதிரி வராது" என்று மெச்சினார். மெச்சியதற்காகக் கூடுதலாக ஒன்றும் தரவில்லை. "ஜோடி இருந்தால் நல்ல விலை போகும்" என்றார். ஜோடி எங்கே என்று எனக்குத் தெரியும், சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த அழுத்தத்தில்தான் ஆயாவின் பதில் எனக்கு முதல் தடவையாக அரைகுறையாய்ப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மீட்டுவிடலாம் என்றுதான் வைத்தோம். வட்டி ஏறிற்று, கெடு தாண்டிற்று, தண்டை மூழ்கிப் போயிற்று. அடகு வைத்த நகை கை நழுவினால் 'மூழ்கிவிட்டது' என்று சொல்கிறோமே, அதைக் கண்டுபிடித்தவன் கண்ணால் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஏலத்தில் எடுத்தவன் அதை என்ன செய்திருப்பான் என்று யோசிக்க வேண்டியதில்லை. சேலத்துப் பட்டறை ஒன்றில் அது யாரோ ஒரு குழந்தையின் கொலுசாகி இருக்கும். அந்தக் குழந்தை சுகமாக இருக்கட்டும்.

இன்று அடகுக்கு அந்தப் பழைய வெட்கம் இல்லை. பெரிய பாங்கிகளே விளம்பரம் செய்து நகைக் கடன் கொடுக்கின்றன. வெள்ளி போய்த் தங்கம் வந்திருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கத்தில் தக்காளி நடுவதற்கு மனைவியின் சங்கிலி பாங்கிக்குப் போகிறது. 2023-ல் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அவன் மீட்டிருப்பான். கூடை கூடையாகச் சாலையோரத்தில் கொட்டிய வருஷங்களில் மூழ்கவிட்டிருப்பான். பஞ்சம் இல்லை, அது பெரிய விஷயம். ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. அதுவும் பெரிய விஷயம். அதை ஆயா பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். ஆனாலும், சாமான்களின் விலை ஏறும்போதெல்லாம் முதலில் இளைப்பது பெண்ணின் கழுத்துதான் என்ற விதி மட்டும் மாறவில்லை.

தங்கையின் பேத்தி ஊருக்குப் புறப்பட்டபோது, "உங்க ஆயாவோட தண்டை மாதிரி ஒண்ணு கிடைச்சால் வாங்கித் தாங்களேன், தாத்தா. பழைய நகைன்னா எனக்கு ஆசை" என்றாள்.

தேடுகிறேன் என்று சொன்னேன். சேலத்திலும் தர்மபுரியிலும் நாலைந்து பத்தர்களிடம் கேட்டும் பார்த்தேன். அந்த அளவு கனத்தில் பழசு யாரிடமும் இல்லை. "புதிதாக வேண்டுமானால் அதே மாதிரி செய்து தருகிறேன்" என்றார் ஒருவர். எடை போட்டு, இன்றைய வெள்ளி விலையில் கணக்குப் பார்த்து ஒரு தொகை சொன்னார். மலைத்துப் போனேன்.

ஆயா இருந்திருந்தால் மலைத்திருக்க மாட்டாள். யார் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பெரிய விலை சொன்னாலும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "அது கிடக்கட்டும், கேவரகு வள்ளம் என்ன விலை?"